லாய் ஹாவின் வெறுங்கை

குவான் லாய் ஹா யாரையும் நம்பமாட்டாள். மீன்காரியின் தராசை நம்பமாட்டாள். இன்று மழை இல்லை என்று வானொலி சொன்னால் குடையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படியிறங்குவாள். என்னை மட்டும் நம்புகிறாளா என்றால் அதுவும் இல்லை. ஒரே சூதாட்டக் கூடத்தில் அடுத்தடுத்த மேசைகளில் நின்று சீட்டுப் போட்டுக் கிழவிகளானவர்கள் நாங்கள். இன்றைக்கும் என் வீட்டுக்கு வந்தால், நான் ஒரு வாய் குடித்த பிறகுதான் அவள் தன் கோப்பையைத் தொடுவாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் மக்காவ் ஊரில் சீட்டுப் போடுகிற டீலர் வேலை என்றால் சந்தேகத்தைத் தின்று சந்தேகத்தைக் குடிக்கிற வேலை. எங்கள் சீருடைக்குப் பை கிடையாது. தலைக்கு மேலே கூரை முழுக்கக் கறுப்புக் கண்ணாடிக் கேமராக் கண்கள். மேசையை விட்டு நகர வேண்டுமானால் இரண்டு கையையும் லேசாகத் தட்டி, உள்ளங்கையை விரித்து, புரட்டி, மேலே இருக்கிற கண்ணுக்குக் காட்ட வேண்டும். பாருங்கள், உங்கள் காசில் ஒன்றையும் நான் எடுத்துப் போகவில்லை என்று அர்த்தம். ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் செய்து செய்து அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிடும். நான் ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டேன். லாய் ஹா விடவில்லை. சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்தாலும் ஒரு தட்டு, ஒரு விரிப்பு. சாவு வீட்டுச் சாப்பாட்டிலும் அப்படித்தான் எழுந்தாள். தெரியாதவர்கள் பார்த்தால் ஏதோ சாமி கும்பிடுகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

அவள் புருஷன் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. லோக் அரசாங்கக் குமாஸ்தா. எங்கள் ஊரில் அரசாங்க வேலைக்காரர்கள் சூதாட்டக் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று சட்டம். சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாட்களுக்கு மட்டும் விலக்கு. லாய் ஹா அவனைக் கட்டிக்கொண்டதே அந்தச் சட்டத்தை நம்பித்தான். "சர்க்காரே பூட்டு போட்டு வச்சிருக்குடி, எனக்கு என்ன கவலை" என்று கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னாள். வாழ்க்கையில் அவள் கடைசியாக நம்பிய ஆள் அந்தச் சர்க்கார்தான்.

அந்த வருடப் புத்தாண்டுக்கு லோக் மூன்று நாளும் வீட்டுக்கு வரவில்லை. நான்காம் நாள் காலை லாய் ஹா வேலையில் நிற்கிறாள். எதிர்வரிசை மேசையில் கலைந்த தலையோடு, நல்ல சீட்டாக வரட்டும் என்று சீட்டை ஓரமாக மடித்து ஊதிக்கொண்டிருப்பவன் லோக். நானும் பார்த்தேன். மாற்று ஆள் வராமல் அவளால் மேசையை விட்டு நகர முடியாது, கூப்பிடவும் முடியாது. விளையாடுகிறவர்களுக்குச் சீட்டைப் போட்டுக்கொண்டே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்று ஆள் வந்ததும் கையைத் தட்டி, உள்ளங்கையைக் காட்டிவிட்டு, ஓடக் கூடாது என்பதால் நடந்து போனாள். அதற்குள் யாரோ அவன் அடையாள அட்டையைக் கேட்டு, அவனை வெளியே கொண்டுபோயிருந்தார்கள். வேலை போயிற்று. கொஞ்ச மாதத்தில் சீன எல்லையைத் தாண்டி எங்கோ போனான். திரும்பவில்லை. மகள் யுன் தெங்குக்கு அப்போது பால் பற்கள்கூட விழவில்லை.

அந்த யுன் தெங்தான் இப்போது எல்லைக்கு அப்பால் குவாங்சோவில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். அடங்கிய பெண். அம்மாவிடம் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. போன வசந்தத்தில் தொலைபேசியில் அழைத்து, ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பெயர் மாக் தின் சோய், ஷுன்தே பக்கம், மீன்குளம் வைத்திருக்கிற குடும்பம், ஏ.சி. கம்பெனியில் வேலை. சனிக்கிழமை மக்காவ் வருகிறான். அவளுக்கு மாலை வரை வேலை, அதற்கு மேல்தான் வர முடியும்.

"நீ பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னா எனக்கும் வேண்டாம்மா" என்று மகள் சொன்னதாக லாய் ஹா என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இல்லை, பயம்தான் இருந்தது. பெண்ணின் வாழ்க்கை முழுசும் தன் ஒரு தலையாட்டலில் தொங்குகிறது என்றால் யாருக்கும் தூக்கம் போகத்தான் செய்யும்.

"அவனுக்கு எந்த இடத்தைப் பார்க்கணுமாம் தெரியுமா?" என்றாள். "கோயில் வேண்டாமாம், கோட்டை வேண்டாமாம். பெரிய பெரிய கேசினோ ஓட்டல் எல்லாம் பார்க்கணுமாம். சும்மா பார்க்கத்தானாம்."

"பார்க்கட்டுமே. ஊர்ல இருந்து வர்றவன் எல்லாம் அதைத்தானே பார்க்கிறான்."

"சும்மா பார்க்க வந்தேன்னு சொல்றவன்தான்டி, ஃபோங், மொத நாற்காலியில உட்காருவான். நீயும் வா. என் கண்ணு ரெண்டு பத்தாது."

சூடு கண்ட பூனையிடம் அடுப்பைப் பற்றி நியாயம் பேச முடியுமா? போனேன்.

எல்லை வாசலில் கேசினோ பேருந்துகள் வரிசையாக நிற்கிற இடத்தில் அவனைக் கண்டோம். ஒல்லி, பெரிய காது, புதுச் சட்டையின் மடிப்புகூட இன்னும் நேராகவில்லை. கையில் ஒரு தகர டப்பா. "அத்தை, எங்க ஊரு பலகாரம்" என்று இரண்டு கையாலும் நீட்டினான். வண்ணத்துப்பூச்சி மாதிரி மடித்துப் பொரிப்பார்களே, அது. லாய் ஹா டப்பாவை வாங்கவில்லை. அதை நீட்டிய கைகளைப் பார்த்தாள். விரல் நகம், மணிக்கட்டு, கட்டைவிரல் ஓரம் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் வாங்கி என் பையில் போட்டாள்.

"இதுக்கு முன்னாடி கேசினோ போயிருக்கியா?" என்றாள் எடுத்த எடுப்பிலேயே.

"இல்ல அத்தை. வாசல்ல கூட நின்னதில்ல."

"சீட்டு?"

"எங்க அப்பா விடமாட்டாரு. மீன் குளத்துக்குத் தூக்கிப் போட்டுருவாரு."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். லாய் ஹா சிரிக்கவில்லை.

முதலில் கால்வாயும் படகும் இருக்கிற மாளிகைக்குப் போனோம். மாடிக் கூரையில் வானம் வரைந்து, அதன் கீழே தண்ணீர் விட்டு, துடுப்புக்காரன் பாட்டுப் பாடுகிற இடம். ஊர்க்காரர்கள் நாங்கள் அங்கே போவது ஏ.சி.க்காகவும் கழிப்பறைக்காகவும்தான். வருகிறவர்கள் எல்லாரும் படகைப் படம் எடுப்பார்கள். இவன் எடுக்கவில்லை. தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். ஒரு குழந்தை வண்டியில் இடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடியும் கூரை.

லாய் ஹா என் இடுப்பில் முழங்கையால் குத்தினாள். "பார்த்தியா? கேமரா எங்க இருக்குன்னு எண்ணுறான்."

"மேகத்தைப் பார்க்கிறான்டி."

"மேகத்தைப் பார்க்கிறவன் வாயைப் பொளந்து பார்ப்பான். இவன் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான்."

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. கூரையைப் பார்க்கிற விருந்தாளி எங்கள் தொழிலில் நல்ல விருந்தாளி இல்லை. எனக்கும் கொஞ்சம் உறுத்த ஆரம்பித்தது. இந்த நோய் தொற்றக்கூடியது.

கீழே சூதாட்டக் கூடத்துக்குள் நுழைந்தோம். வாசலில் அவன் கடவுச் சீட்டைக் காட்டினான். உள்ளே பக்காரா என்கிற சீட்டாட்ட மேசையைச் சுற்றிக் கூட்டம். ஒரு தடித்த ஆள் சீட்டை ஓரம் ஓரமாக மடித்து, ஊதி, திட்டி, கெஞ்சிக்கொண்டிருந்தான். தின் சோய் அவன் பின்னால் போய் நின்றான். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விளையாடுகிறவனின் தோளை யாரும் தொடக்கூடாது. தொட்டால் அதிர்ஷ்டம் கழன்றுவிடும். சூதாடிப் பழகியவன் மேசைக்கு ஒதுங்கி நின்றால்கூட, தோளில் கை விழுந்தால் பாம்பு தொட்ட மாதிரித் துள்ளுவான், பெற்ற தாயாக இருந்தாலும் முறைப்பான். லாய் ஹா பூனை மாதிரி போய்த் தின் சோயின் தோளில் பொத்தென்று ஓர் அடி வைத்தாள்.

அவன் திரும்பினான். "என்ன அத்தை, பசிக்குதா?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. லாய் ஹா என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். "நடிக்கிறான். தோளைத் தொடுவேன்னு தெரிஞ்சே நின்னிருக்கான்."

"அப்ப முறைச்சா சூதாடி, சிரிச்சா பெரிய சூதாடியா?"

"உனக்கு வாய்தான். கண்ணைத் திற."

கழிப்பறைக்குப் போவதாக அவனிடம் சொல்லிவிட்டு, காசு போட்டு ஆடுகிற குலுக்கு இயந்திரங்களின் பின்னால் போய் இரண்டு கிழவிகளும் ஒளிந்து நின்றோம். இந்த வயதில் இது தேவையா என்று நினைத்தேன். அவன் தள்ளுவண்டிப் பெண்ணிடம் இலவசப் பால் தேநீர் ஒன்று வாங்கிக் குடித்தான். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தான். மேசைப் பக்கம் திரும்பவில்லை. ஒரு தூண் ஓரமாகப் போனான், தலையை நிமிர்த்தினான், ஒரு கையை மட்டும் கூரையைப் பார்த்து நீட்டி அப்படியே வைத்திருந்தான்.

"சைகை" என்றாள் லாய் ஹா. அவள் குரலே இறங்கிவிட்டது. "மேலே யாருக்கோ சைகை காட்டுறான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. உண்மையைச் சொன்னால் என்ன.

அடுத்த மாளிகைக்குப் போகிற பேருந்தில் நானே கேட்டுவிட்டேன். "தம்பி, ஏன் கூரையையே பார்க்கிற? கையை வேற நீட்டின?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "காத்து எங்க இருந்து வருதுன்னு தேடினேன் ஃபோங் அத்தை. அத்தனை பேரு இருக்காங்க, ஒரு எடத்துல கூடப் புழுக்கமே இல்ல. எங்க கம்பெனி ஆளுங்க எல்லாம் சொல்லுவாங்க, மக்காவ் போனா கேசினோ ஏ.சி.யைப் பாருடான்னு. அதுக்குத்தான் வந்தேன். குழாயை எங்கதான் ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிக்கவே முடியல." வழி முழுக்கக் குளிர்காற்றைப் பற்றிப் பேசினான்.

இறங்கும்போது நான் லாய் ஹாவைப் பார்த்தேன். போதுமா என்கிற பார்வை.

"பதில் ரொம்பச் சரியா இருக்கு" என்றாள். "அதான் எனக்குப் பிடிக்கல."

ஆனாலும் இளகினாள். அவளை எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு மாளிகைகள் பார்த்துவிட்டு, தைப்பா பழைய தெருவில் பன்றித் துண்டு வைத்த ரொட்டியும் மாட்டு நூடுல்ஸும் வாங்கிக் கொடுத்தாள். தன் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டு இறைச்சியை எடுத்து அவன் கிண்ணத்தில் போட்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அவன் கடைசிச் சொட்டுச் சாறு வரை குடித்தான், வாயைத் துடைத்தான், நாற்காலியைத் தள்ளி எழுந்தான்.

எழுந்து, இரண்டு கையையும் லேசாகத் தட்டி, உள்ளங்கையை விரித்து, புரட்டிக் காட்டினான்.

எங்கள் இருவரின் கண்ணுக்கும் அது தப்பவில்லை. தெருவில் எத்தனை பேர் கை தட்டினாலும் திரும்பிப் பார்க்கமாட்டோம். இது அது இல்லை. தட்டு, விரிப்பு, புரட்டு, மூன்றும் வரிசை மாறாமல். இதைச் சூதாட்ட மேசைக்குப் பின்னால் நின்றவன்தான் செய்வான். இவன் மக்காவ்காரன் இல்லை, எங்கள் ஊரில் வெளியூர்க்காரனை டீலராக வைக்கவும் மாட்டார்கள். அப்படியானால் சீனப் பக்கம் ஏதோ திருட்டுச் சூதாட்ட விடுதியிலோ, எல்லைக்காட்டு ஊர்களில் நடக்கிற கூடத்திலோ சீட்டுப் போட்டவன். வாசலில்கூட நின்றதில்லை என்றது பொய். ஏ.சி. பொய். மீன்குளமும் பொய்யாக இருக்கலாம்.

லாய் ஹாவும் எழுந்தாள், தட்டினாள், விரித்தாள். முகம் மட்டும் அந்த நான்காம் நாள் காலை மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் வந்தது. இத்தனை நல்ல சிரிப்புச் சிரிக்கிறவன் பொய்யன் என்றால் எப்படிப் பொறுப்பது.

இரவு லாய் ஹாவின் வீட்டில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். யுன் தெங் வந்த களைப்போடு அவனைப் பார்த்துச் சிரித்தாள், அவன் அவளுக்கு மீன் முள்ளை எடுத்துக் கொடுத்தான். பலகார டப்பா பிரிக்கப்படாமல் குளிர்பெட்டியின் மேலே இருந்தது. சாப்பிட்டு முடியும் வரை லாய் ஹா காத்திருந்தாள்.

"யுன் தெங், எனக்குச் சரிப்படல" என்றாள்.

மகள் குச்சிகளைக் கீழே வைத்தாள். "ஏம்மா?"

"இவன் டீலர். மதியம் இவன் கையைப் பார்த்தேன். நானும் பார்த்தேன், ஃபோங்கும் பார்த்தா. என்கிட்ட கேசினோ வாசல்ல நின்னதில்லைன்னான்."

தின் சோய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "அத்தை, நான் டீலரா? நான் ஏ.சி. மெக்கானிக். என் கம்பெனிக்கு வேணா இப்பவே போன் போட்டுத் தரேன்."

"போன் எடுக்க ஒரு கூட்டாளி வைக்க முடியாதா? நான் எத்தனை பேரைப் பார்த்தவ." அவள் குரல் உயரவே இல்லை. "உன் மேல எனக்குக் கோபமில்ல தம்பி. அவ அப்பனுக்காக உட்கார்ந்த மாதிரி என் பொண்ணு இன்னொரு தடவை வாசலைப் பார்த்து உட்கார வேண்டாம். அவ்வளவுதான்."

யுன் தெங் வாதாடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண். கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது, அதைத் துடைக்கவும் இல்லை. "சரிம்மா" என்றாள். நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். இரண்டு கையையும் லேசாகத் தட்டி, விரித்து, புரட்டிவிட்டு, கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

நான் லாய் ஹாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். "பார்த்தியா?"

"என்னத்தை?"

அவள் பார்க்கவில்லை. கண் முன்னால் நடந்தது, பார்க்கவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? இந்தப் பெண் என் வீட்டு மேசையில் எத்தனை வருடம் சாப்பிட்டிருக்கிறாள். ஒரு தரம்கூட என் கண்ணில் பட்டதில்லை. நாங்கள் செய்வதை எங்கள் வீட்டுப் பிள்ளை செய்தால் எங்களுக்குத் தெரியாது. வெளியாள் செய்தால்தான் தெரியும்.

"கண்ணு, இங்க வா" என்றேன். "கிண்ணத்தை வை. உட்காரு."

"என்ன சித்தி?"

"உட்காருன்னா உட்காரு. ம். இப்ப எழுந்து போ."

குழம்பிப் போய் எழுந்தாள். கை தானாக வந்தது. தட்டு, விரிப்பு, புரட்டு.

இந்த முறை லாய் ஹா பார்த்தாள்.

"எப்ப இருந்து இப்படிச் செய்ற?" என்று மகளிடம் கேட்டாள்.

"எதை?" யுன் தெங் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "நான் என்ன செஞ்சேன்?"

தின் சோய்தான் பதில் சொன்னான், மெதுவாக, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற மாதிரி. "அத்தை, அது உங்க வீட்டு வழக்கம் இல்லையா? இவ எப்ப சாப்பிட்டு எழுந்தாலும் அப்படிச் செய்வா. சோறு போட்டவங்களுக்கு மரியாதை பண்றாங்கன்னு நினைச்சேன். மதியம் நீங்க வாங்கிக் கொடுத்தீங்க. செய்யாம எழுந்தா நீங்க தப்பா நினைப்பீங்கன்னுதான் செஞ்சேன். வீட்டுல கண்ணாடி முன்னாடி பழகிட்டு வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. லாய் ஹா மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கைகள் இரண்டையும் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் அந்தப் பையனின் கைகளைப் பார்த்த மாதிரியே நகம், மணிக்கட்டு, கட்டைவிரல் ஓரம் எல்லாம் பார்த்தாள். ஆய்வக மருந்தில் தோல் உரிந்த கைகள்.

"இந்த வீட்டுல மேலே கேமரா ஏது?" என்றாள். "யாருக்குக் காட்டிக்கிட்டிருந்த இத்தனை வருஷமா? எனக்கா?"

யுன் தெங்குக்கே அது தெரியாது. தெரிந்தால்தானே சொல்வாள். அம்மாவும் மகளும் அழுதார்கள். நானும் அழுதேன், எனக்கென்ன கௌரவம். தின் சோய் மட்டும் எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் நின்றான். எழுந்தால் கையைத் தட்ட வேண்டுமா வேண்டாமா என்று அவனுக்குக் குழப்பம்.

"உட்காருப்பா" என்றாள் லாய் ஹா. "ஃபோங், அந்த டப்பாவை எடு."

நான் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துக் கடித்தேன். அவள் நான் மென்று முடிப்பதற்காகக் காத்திருக்கவில்லை. தானே கையை விட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"நல்லா இருக்கு" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய குரலுக்கு வந்துவிட்டாள். "உன் கம்பெனிக்கு நாளைக்கு நான் போன் போடுவேன். உங்க அப்பாவோட மீன்குளத்தையும் வந்து பார்ப்பேன், ஃபோங்கும் வருவா. மீன் இருக்கணும்."

"இருக்கும் அத்தை."

"கல்யாணத்தை எந்த மாசம் வேணும்னாலும் வச்சுக்கோங்க. புத்தாண்டு மூணு நாளைக்கு மட்டும் வேண்டாம்."